சிசேரியனில் பிறந்தாள், கன்னத்தில் கரப்பான்: எதிர்ப்பு சக்தி கெட்டுவிட்டதா?

திருவாரூர் மாவட்டத்தில், வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து 27 வயது வாசகி எழுதியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

முதல் பிரசவம். 37 வாரம் முடிந்த நிலையில் பனிக்குடம் உடைந்தது. 20 மணி நேரம் ஆகியும் வலி பிடிக்காததால் தனியார் மருத்துவமனையில் சிசேரியன். பெண் குழந்தை, எடை 2.7 கிலோ. பிறந்த சில மணி நேரத்தில் மூச்சு வேகமாக வாங்கியதால் குழந்தையைத் தனி வார்டில் வைத்து 5 நாள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். முதல் 3 நாள் பவுடர் பால்தான். இப்போது நாலரை மாதம், 6.1 கிலோ. பாதி தாய்ப்பால், பாதி பவுடர் பால். மூன்றாவது மாதத்திலிருந்து கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான். கணவருக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்திருக்கிறது. சளி பிடித்தபோது இரண்டு முறை ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்தாகிவிட்டது.

"சிசேரியன் குழந்தைக்கு நல்ல பாக்டீரியா கிடைக்காது, ஆயுளுக்கும் எதிர்ப்பு சக்தி குறைவு, ஆஸ்துமா நிச்சயம் என்று போனில் பார்த்தேன். நாத்தனார் நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் பாக்கெட் வாங்கி வந்திருக்கிறார். மாமியார் உரை மருந்தும் பசும்பாலும் கொடுக்கச் சொல்கிறார், என்னைக் கரப்பான் பண்டம் எதையும் தொடவிடுவதில்லை. பக்கத்து வீட்டில், பிள்ளையை மாட்டுத் தொழுவத்தில் தவழவிட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். குடல் சரியாகட்டும் என்று 14-வது வாரத் தடுப்பூசியை நானே தள்ளிப்போட்டேன். மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பலாமா? என் பிள்ளையை நானே கெடுத்துவிட்டேனா?"

இனி, உங்களுக்கு.

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இல்லை, நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்தைத் தாண்டினால் கிருமி மேலேறிக் குழந்தைக்குத் தொற்று வரும் அபாயம் கூடுகிறது. அந்த நிலையில் பிறந்த குழந்தை வேகமாக மூச்சு வாங்கினால், எந்தக் குழந்தை மருத்துவரும் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக்கைத் தொடங்கிவிடுவார். பச்சிளம் குழந்தையின் ரத்தத்தில் கிருமி பரவினால் சில மணி நேரத்திலேயே நிலைமை கைமீறிப்போகும். குடல் பாக்டீரியாவை எண்ணி அந்த ஊசியைத் தவிர்த்திருந்தால்தான் தவறு. சிசேரியனும் அப்படியே. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியன். அதில் நாள் நட்சத்திரம் பார்த்துச் செய்வதும் உண்டுதான். உங்களுடையது அந்தக் கணக்கில் வராது.

"எதிர்ப்பு சக்தி குறைவு" என்ற பேச்சே பிழை

நம் பேச்சு வழக்கில் எதிர்ப்பு சக்தி என்றால் ஏதோ தொட்டித் தண்ணீர் போல. நிறைந்தால் நல்லது, குறைந்தால் நோய். கரப்பான், வீசிங், உணவு ஒவ்வாமை எல்லாம் எதிர்ப்பு சக்தி குறைந்து வருபவை அல்ல. எதிர்க்க வேண்டாததை எதிர்ப்பதால் வருபவை. உங்கள் மகளின் எதிர்ப்பு மண்டலம் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் சண்டை போடுவதல்ல. எதை விட்டுவிட வேண்டும் என்பது. பாலை விட்டுவிட வேண்டும், முட்டையை விட்டுவிட வேண்டும், தன் குடலிலேயே குடியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களையும் விட்டுவிட வேண்டும். ஆகவே "இம்யூனிட்டியைக் கூட்டும்" என்று எந்த டப்பாவில் எழுதியிருந்தாலும், அது உங்கள் கேள்விக்குப் பதிலாகாது.

இந்தப் பாடம் பெரும்பாலும் குடலில்தான் நடக்கிறது. உடலின் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பங்கு குடல் சுவரை ஒட்டியே இருக்கிறது. பிறக்கும்போது அவை வேலை பழகாதவை. பாக்டீரியாக்கள் குடியேறிச் சில பொருள்களை வெளிவிட, அந்தப் பொருள்கள்தான் அணுக்களுக்குத் திசை காட்டுகின்றன. கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த எலிகளில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். அவற்றின் எதிர்ப்பு மண்டலம் ஒவ்வாமைப் பக்கம் சாய்ந்திருக்கும். குட்டியாக இருக்கும்போதே பாக்டீரியாவைக் கொடுத்தால் அது நேராகிறது. வளர்ந்தபின் கொடுத்தால் நேராவதில்லை. காலம் முக்கியம் என்று எல்லோரும் சொல்வதற்கு இதுதான் அடிப்படை. ஆனால் எலிக்குச் சில வாரங்களில் முடிந்துவிடும் பருவம் மனிதக் குழந்தைக்கு நெடியது. குடல் பாக்டீரியாக்கள் பெரியவர்களுடையதைப் போல ஆவதற்கே மூன்று வயதாகிறது. நாலரை மாதத்தில் எந்தக் கதவும் சாத்தப்படவில்லை.

தாய்ப்பாலுக்கு இதில் என்ன பங்கு? கொழுப்புக்கும் லாக்டோஸுக்கும் அடுத்தபடியாகத் தாய்ப்பாலில் அதிகம் இருக்கும் திடப்பொருள், குழந்தையால் செரிக்கவே முடியாத ஒரு வகைச் சர்க்கரை. லிட்டருக்கு 5 முதல் 15 கிராம் வரை. பிள்ளைக்குச் செரிக்காததை உடல் ஏன் இவ்வளவு பாடுபட்டுச் சுரக்க வேண்டும்? அது பிள்ளைக்கு அல்ல, பிஃபிடோ என்ற பாக்டீரியாவுக்கு. அதிலும் இன்ஃபான்டிஸ் என்ற வகை அந்தச் சர்க்கரையை முழுதாக உண்ணும். உண்டு அசெட்டிக், லாக்டிக் அமிலங்களை விடும், குடல் புளிப்பேறும், கெட்ட கிருமிகளுக்கு அந்தப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது. கூடவே இன்டோல் லாக்டிக் அமிலம் என்றொரு பொருளும் வரும். ஒவ்வாமைக்கும் அழற்சிக்கும் இழுத்துச் செல்லும் டி அணுக்கள் என்ற எதிர்ப்பு அணுக்களை இது அடக்குவதாக 2021-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது.

சிசேரியனில் என்ன மாறுகிறது என்றால், தாயின் குடலிலிருந்து வர வேண்டிய பாக்டீரியாக்கள், குறிப்பாக பாக்டீராய்ட்ஸ் என்ற குடும்பம், வரத் தாமதமாகிறது. அந்த இடத்தில் மருத்துவமனையில் உலவும் கிளெப்சியெல்லா, என்டெரோகாக்கஸ் போன்றவை முதலில் உட்காருகின்றன. பிரிட்டனில் சுமார் 600 குழந்தைகளைப் பார்த்த 2019 ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. வயலை உழுது சும்மா போட்டால் கோரை முளைப்பது போலத்தான். ஆனால் நடவு பிந்தியது என்பதற்காக யாரும் அந்தப் போகத்தையே கைவிடுவதில்லையே. மாதங்கள் போகப் போக இந்த வித்தியாசம் பெருமளவு குறைந்துவிடுகிறது.

ஆஸ்துமா நிச்சயம் என்பதும் அப்படியே கேட்டுக்கொள்ள வேண்டிய செய்தி அல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சிசேரியன் குழந்தைகளுக்கு ஆஸ்துமா வாய்ப்பு சுமார் 20 சதவீதம் கூடுதல் என்று வருகிறது. கேட்கப் பெரிதாக இருக்கும். 100 குழந்தைகளில் 5 பேருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், சிசேரியன் குழந்தைகள் 100 பேரில் 6 பேருக்கு வரும். அவ்வளவே. உங்கள் மகளைப் பொறுத்தவரை அப்பாவின் வீசிங்தான் இதைவிடக் கனமான காரணம். டென்மார்க்கில் 700 குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். ஒரு வயதிலும் சிசேரியனால் வந்த பாக்டீரியா வித்தியாசம் குடலில் மாறாமல் தங்கியிருந்த குழந்தைகளுக்குத்தான் ஆஸ்துமா அதிகம் வந்தது. ஒரு வயதுக்குள் குடல் பாக்டீரியாக்கள் வயதுக்கேற்ப முதிர்ந்துவிட்ட சிசேரியன் குழந்தைகளுக்கு அந்தக் கூடுதல் இல்லை. உங்கள் கையில் இன்னும் ஏழரை மாதம் இருக்கிறது.

பாலைப் பெருக்குவது

மேலே சொன்ன சர்க்கரை இருப்பது உங்களிடம்தான், ஆகவே பணம் செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள். பாதிப் பால் என்பது வீண் அல்ல. இப்போது கொடுப்பதே குழந்தையின் குடலில் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதை முக்கால் ஆக்கலாம், முழுதாகவும் ஆகலாம்.

பவுடர் பாலை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு முறையும் முதலில் இரண்டு மார்பிலும் கொடுத்து, அதன்பிறகே பவுடர் பால். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை மார்பில் போட வேண்டும். இரவில் இரண்டு முறையாவது அவசியம், பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். பவுடர் பாலைப் பாட்டிலில் தராமல் பாலாடையிலோ சங்கிலோ கொடுங்கள். பாட்டில் ரப்பருக்குப் பழகிய குழந்தை மார்பில் வாய் வைக்கச் சோம்பும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, ஏதாவது ஒரு வேளையில் 30 மில்லி பவுடர் பாலைக் குறையுங்கள். நாளுக்கு 6 முறைக்குக் குறையாமல் சிறுநீர் போனால், வாரம் 100 கிராமுக்குக் குறையாமல் எடை ஏறினால் அடுத்த 30 மில்லியைக் குறைக்கலாம். ஏறவில்லை என்றால் குறைப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அங்கன்வாடியில் வாரம் ஒருமுறை, அதே தராசில், அதே நேரத்தில் எடை போட்டால் போதும்.

பவுடர் பால் கொடுக்கும்வரை அதைச் சரியாகக் கலக்க வேண்டும். டப்பாவைத் திறக்கும் முன்பே அதில் கிருமி இருக்கக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது. அது கிருமி நீக்கிய பொருள் அல்ல. தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, அரை மணி நேரத்துக்குள், நல்ல சூடாக இருக்கும்போதே பவுடரைப் போட்டுக் கலக்குங்கள். பிறகு பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றிக் கொடுங்கள். ஆறிய நீரில் கலப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. டப்பாவில் வரும் கரண்டியில் தலைதட்டி அளந்து, டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கே தண்ணீர் விடுங்கள். இன்னும் நாலு நாள் வரட்டும் என்று நீர்க்கக் கலந்தால் எடை ஏறாது. 2 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். சங்கைக் கழுவி 10 நிமிடம் கொதிக்க வையுங்கள்.

பசும்பால் ஒரு வயது வரை குடிக்கக் கொடுப்பதாக இல்லை. அதில் இரும்புச் சத்து மிகக் குறைவு. சிறு குழந்தைகளின் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவையும் உண்டாக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு கரண்டித் தயிர் தருவது வேறு விஷயம், அதில் தவறில்லை.

உரை மருந்து பற்றி மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய், கடுக்காய் எல்லாம் ஒரே கல்லில் உரசித் தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவுவது நம் பக்கத்தில் தலைமுறை வழக்கம். கல்லும், அந்தக் காய்களும் மாதக்கணக்கில் டப்பாவில் கிடப்பவை. பூஞ்சையும் கிருமியும் ஒட்டிக்கொண்டிருக்கும். வசம்பில் அசரோன் என்ற நச்சுப்பொருளும் உண்டு. தேன் ஒரு வயது வரை ஒரு சொட்டும் கூடாது. அதிலிருக்கும் பொட்டுலிசம் கிருமியின் வித்துகளைத் தடுக்கும் அளவுக்குக் குழந்தையின் குடலில் பாக்டீரியாக்கள் இன்னும் அடரவில்லை. அதே தேனை நீங்கள் சாப்பிடலாம், ஏனென்றால் உங்கள் குடலில் இடம் நிரம்பியிருக்கிறது.

கரப்பானும் கடலைமாவும்

கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், கடலைமாவும் பயத்தமாவும் கலந்து தேய்த்துக் குளிப்பாட்டுவதாக. இந்தக் கடிதத்திலேயே எனக்கு அதிகம் கவலை தந்தது அந்த வரிதான், சிசேரியன் அல்ல.

உணவுப் பொருள் முதன்முதலில் எந்த வழியாக உடலுக்குள் போகிறது என்பதைப் பொறுத்து எதிர்ப்பு மண்டலத்தின் முடிவு மாறுகிறது. வாய் வழியாகக் குடலுக்குப் போனால், பெரும்பாலும் "இது சாப்பாடு, விட்டுவிடு" என்று கற்றுக்கொள்ளும். வெடித்த, அரிப்பெடுத்த தோல் வழியாகப் போனால் "அந்நியன், எதிர்" என்று கற்றுக்கொள்ளக்கூடும். வேர்க்கடலை எண்ணெய் கலந்த களிம்பைக் கரப்பான் தோலில் பூசிய குழந்தைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை கூடுதலாக வந்ததை 2003-இலேயே பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியது. கடலையும் பயறும் அதே பருப்புக் குடும்பம். தவிர, மாவு தோலின் எண்ணெய்ப் பசையைத் துடைத்தெடுத்து இன்னும் வறளச் செய்யும். எனவே கரப்பான் ஆறும்வரை எந்த மாவும் வேண்டாம். குப்பைமேனிச் சாறு, வேப்பிலை மஞ்சள் விழுது ஆகியவையும் வெடித்த தோலில் எரிச்சலைத்தான் கூட்டும். சாம்பிராணிப் புகையையும் நிறுத்துங்கள். அப்பாவுக்கு வீசிங் இருந்த வீட்டில் எந்தப் புகையும் ஆகாது. பீடி சிகரெட் புகையும் இதில் சேர்த்தி.

வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடக் குளியல் போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுதும் காயும் முன், மூன்று நிமிடத்துக்குள், வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரோ நல்ல தேங்காயெண்ணெயோ உடல் முழுதும் பூசுங்கள். சாயங்காலம் இன்னொரு முறை. பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு, தொட்டுத் தொட்டுப் பூசுவது. உடல் முழுதும் பூசினால் வாரத்துக்கு 100 கிராமாவது தீர வேண்டும். சிவந்து தடித்த இடங்களுக்கு மருத்துவர் எழுதித்தரும் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பைச் சொன்ன நாள்வரை மெல்லியதாகத் தடவுங்கள். ஸ்டீராய்டு என்று பயந்து பாதியில் விட்டால் கரப்பான் திரும்பும். பயப்பட வேண்டியது மருந்துக்கடையில் சீட்டில்லாமல் தரும் "எல்லாவற்றுக்கும் ஒரே க்ரீம்" வகைக்குத்தான். வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் கலந்த அது குழந்தையின் கன்னத்துக்கு உரியதல்ல.

நீங்கள் கத்தரிக்காயையும் மீனையும் வேர்க்கடலையையும் விட்டது குழந்தையின் கரப்பானைக் குறைக்காது. ஒரு குறிப்பிட்ட உணவை நீங்கள் சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் குழந்தைக்கு அரிப்போ ரத்தம் கலந்த மலமோ வருகிறது என்றால் தவிர, பத்தியம் தேவையில்லை. பத்தியம் இருக்கும் தாய் மெலிகிறாள் என்பதுதான் அதில் நிச்சயமாக நடப்பது.

புரோபயாட்டிக் பாக்கெட்

இந்தியாவில் புரோபயாட்டிக்குக்கு மிக நல்ல பெயர் வாங்கித்தந்தது ஒடிசா கிராமங்களில் நடந்த ஆய்வு. 2017-இல் வெளிவந்தது, 4,556 பச்சிளம் குழந்தைகள். பிளான்டாரம் என்ற லாக்டோபேசில்லஸ் வகையில் ஒரு குறிப்பிட்ட இனத்தையும், அதற்கு உணவாக ஒரு சர்க்கரையையும் சேர்த்து, பிறந்த சில நாளிலேயே தொடங்கி 7 நாள் கொடுத்தார்கள். கிருமித் தொற்றோ மரணமோ நேர்ந்தது 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தது. பெரிய வெற்றிதான். ஆனால் யாருக்குக் கொடுத்தார்கள் என்று பாருங்கள்: பிறந்து இரண்டு மூன்று நாளான, 2 கிலோவுக்குக் குறையாத, தாய்ப்பால் குடிக்கும், நலமான குழந்தைகளுக்கு. தடுக்க நினைத்தது தொற்றை, கரப்பானை அல்ல. நாத்தனார் வாங்கிவந்த பாக்கெட்டில் இருப்பது பேசில்லஸ் கிளாசி என்று எழுதியிருக்கிறீர்கள். அது முற்றிலும் வேறு பாக்டீரியா. நெல் என்ற ஒரே பெயர் இருப்பதால் எல்லா ரகமும் ஒரே மகசூல் தருமா? புரோபயாட்டிக்கில் இனம் மாறினால் பலனும் மாறும்.

நலமாக இருக்கும் நாலரை மாதக் குழந்தைக்கு அந்தப் பாக்கெட்டால் பெரிய கெடுதி வராது. கரப்பானுக்கோ வருங்கால ஆஸ்துமாவுக்கோ பலன் உண்டு என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் கதையே வேறு. அமெரிக்காவில் புரோபயாட்டிக் பாக்டீரியாவே ரத்தத்தில் பரவி ஒரு குறைமாதக் குழந்தை இறந்ததையடுத்து, 2023-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விட்டது. உங்கள் உறவில் யாருக்காவது குறைமாதக் குழந்தை இருந்தால் பாக்கெட்டை அவர்களுக்குக் கைமாற்றிவிடாதீர்கள்.

மலப் பரிசோதனைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம். பாக்டீரியாக்களின் பட்டியல் வரும். அதைப் பார்த்து இன்ன மருந்து என்று எழுத எந்த மருத்துவரிடமும் அளவுகோல் இல்லை. தாயின் பிறப்புறுப்பு நீரைப் பஞ்சில் எடுத்துப் பிறந்த குழந்தைமேல் தடவும் முறையைத் தவறவிட்டேனே என்ற வருத்தமும் வேண்டாம். ஆய்வுக்கு வெளியே அதைச் செய்ய வேண்டாம் என்றே அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு 2017-இல் சொன்னது. தாயிடமிருந்து ஹெர்பீஸ் போன்ற தொற்றும் சேர்ந்தே போகும்.

தொழுவம், மண், தண்ணீர்

பக்கத்து வீட்டார் சொன்னதில் ஒரு நூலிழை உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் மாட்டுப் பண்ணையோடு ஒட்டி வாழும் ஆமிஷ் சமூகக் குழந்தைகளில் ஆஸ்துமா 5 சதவீதம். அதே வம்சாவளியில் வந்தும் இயந்திரப் பண்ணை நடத்தும் ஹட்டரைட் குழந்தைகளில் 21 சதவீதம். வித்தியாசம் வீட்டுத் தூசியில் இருந்த பாக்டீரியாத் துகள்களில் என்று 2016-இல் கண்டார்கள். ஆனால் அவர்கள் குடித்தது சாணமும் மூத்திரமும் கலந்த தண்ணீர் அல்ல. நம் டெல்டாவில் ஐப்பசி கார்த்திகை மழைக்குத் தொழுவம் சேறாகும்போது எலியின் மூத்திரமும் அதில்தான் கலக்கிறது. எலிக்காய்ச்சல் வருவது அந்த வழியில்தான். கோழி எச்சத்தில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் உண்டு. திரும்பத் திரும்ப வரும் வயிற்றுப்போக்கு குடல் சுவரின் விரல் போன்ற மடிப்புகளைத் தேய்த்துவிடும். சாப்பிட்டது ஒட்டாது, வளர்ச்சி குன்றும்.

திண்ணையில் தவழட்டும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தூக்கிக் கொஞ்சட்டும், காய்ந்த வாசல் மண்ணில் உட்காரட்டும், கன்றுக்குட்டியைத் தடவிப் பார்க்கட்டும். கோழி அடையும் இடமும் ஈரத் தொழுவமும் வாய்க்கால் தண்ணீரும் வேண்டாம். பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட பிறகும், ஊட்டுவதற்கு முன்பும் சோப்பால் கை கழுவுங்கள். அதற்குக் கிருமிநாசினி தேவையில்லை, சாதாரண சோப் போதும். குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினித் திரவம் ஊற்றுவதைக் கரப்பான் தோல் தாங்காது. குடிதண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும், ஓரத்தில் ஆவி வந்தால் போதாது. அந்தத் தண்ணீரும் குழந்தைக்கு ஆறு மாதத்துக்குப் பிறகுதான்.

ஆறு மாதம் முடிந்த அன்று

ஒவ்வாமைக் குடும்பம் என்பதால் முட்டையையும் வேர்க்கடலையையும் ஒரு வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருகாலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். அது தலைகீழாகிவிட்டது. 2015-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில், கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளில் ஒரு பாதிக்கு முதல் வயதுக்குள்ளேயே வேர்க்கடலையைத் தொடங்கி 5 வயது வரை கொடுத்தார்கள். வேர்க்கடலை ஒவ்வாமை, தவிர்த்தவர்களோடு ஒப்பிட 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

ஆறு மாதம் முடிந்ததும் குழைந்த சோறும் பருப்பும் நெய்யுமாக, கரண்டியைச் சாய்த்தால் வழியாத கெட்டியில் 2, 3 மேசைக்கரண்டி, நாளுக்கு 2 வேளை தொடங்குங்கள். ஒரு வாரம் ஒத்துக்கொண்டால் வேர்க்கடலை. முழுக் கடலை மூச்சுக்குழாயில் சிக்கும், ஐந்து வயது வரை அது கூடாது. வறுத்துத் தோல் நீக்கி நைசாக அரைத்த மாவில் 2 டீஸ்பூனைக் கஞ்சியில் கரைத்துக்கொள்ளுங்கள். காலை வேளையில், குழந்தை நலமாக இருக்கும் நாளில், கரண்டி நுனியளவு கொடுத்து 10 நிமிடம் பாருங்கள். தடிப்போ வாந்தியோ இல்லையென்றால் மீதியை மெதுவாகக் கொடுத்து 2 மணி நேரம் கவனியுங்கள். பிறகு வாரம் 3 முறை விடாமல் தொடர வேண்டும். ஒருமுறை கொடுத்து நிறுத்துவதில் பலனில்லை. இதே போல நன்றாக வெந்த முட்டை. அதற்குள் கரப்பான் உடம்பெங்கும் பரவி, களிம்புக்கும் அடங்காமல் இருந்தால் மட்டும், வேர்க்கடலைக்கும் முட்டைக்கும் முன் ஒவ்வாமைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

வாழைக்காயை மறக்காதீர்கள். மொந்தன் காயை வேகவைத்து மசித்தால், செரிக்காமல் பெருங்குடல்வரை போகும் மாவுச்சத்து அதில் நிறைய. வங்கதேசத்தில் எடை குறைந்த 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்குக் குடல் பாக்டீரியாக்களைக் கருதியே ஓர் உணவு தயாரித்தார்கள். அதில் இருந்தவை கடலைமாவு, வேர்க்கடலை, சோயா, வாழைக்காய். வழக்கமான ஊட்ட உணவைவிடக் கலோரி குறைவாக இருந்தும் எடை நன்றாக ஏறியது. நம் ஊர்ச் சந்தையில் கிடைக்காதது அதில் சோயா மட்டும்தான் என்றால் பொய்யில்லை. பழைய சோறு உங்களுக்கு நல்லது. ஒரு வயதுக்குள் குழந்தைக்கு வேண்டாம். இரவெல்லாம் வெளியில் ஊறும் நீரில் நல்ல பாக்டீரியாவோடு வேறு கிருமியும் பெருகும்.

சளிக்குச் சிரப், தள்ளிப்போன ஊசி

சளியும் இருமலும் பெரும்பாலும் வைரஸ். ஆன்டிபயாடிக் அதைத் தொடாது, பிஃபிடோவைத்தான் தொடும். அடுத்த முறை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: "இது வைரஸா, பாக்டீரியாவா? இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தொடங்கலாமா?" நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். தேவை என்று அவர் சொன்னால் மறுக்காமல் சொன்ன நாள் முழுதும் கொடுங்கள். நிமோனியாவை வீட்டில் கண்டுபிடிக்க வழி உண்டு: குழந்தை அழாமல் தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதும் எண்ணுங்கள். இந்த வயதில் 50 அல்லது அதற்கு மேல் என்றாலோ, மூச்சிழுக்கும்போது விலா கீழே உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அன்றே மருத்துவமனை. வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை, அதில் போட்டிருக்கும் அளவு நீரில் முழுதாகக் கரைத்துக் கொடுங்கள். துத்தநாகம் ஆறு மாதம் வரை நாளுக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20, மொத்தம் 14 நாள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

தடுப்பூசியைத் தள்ளிப்போட்டது மட்டும்தான் உங்கள் பக்கத்தில் நடந்த உண்மையான பிசகு. அதுவும் எளிதில் சரியாகக்கூடியது. பிறந்த உடனே ஆன்டிபயாடிக் பெற்ற குழந்தைகளில் நிமோனியாத் தடுப்பூசிக்கு எதிர்ப்பொருள் சற்றுக் குறைவாக உருவானதையும், பிஃபிடோ குறைந்திருந்ததோடு அது தொடர்புபட்டிருந்ததையும் 2025-இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. அப்படியானால் உங்கள் மகளுக்கு எந்தத் தவணையும் விடுபடவே கூடாது என்றுதான் பொருள்; குடல் ஆறும்வரை காத்திருப்பது என்றல்ல. கரப்பான் இருப்பது தடையில்லை. பென்டாவேலன்ட், நிமோனியா, போலியோ, ரோட்டா சொட்டு எல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடரும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். அட்டையோடு டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துப் போங்கள், வைட்டமின் டி சொட்டு நாளுக்கு 400 யூனிட் போகிறதா என்றும் கேளுங்கள். அன்றே எடை போட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள். பவுடர் பாலில் முதல் 30 மில்லியை அந்த எடையை வைத்துத்தான் குறைக்கப் போகிறீர்கள்.